ஈயம் வைக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

கோம்பையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும், கூட வைத்திருந்த படமும் கிடைத்தன. தூண்டில் கோலைச் சுவரில் சாய்த்து, பக்கத்திலேயே அளவு நாடாவையும் நீட்டி வைத்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். அதனால் எனக்குப் பாதி வேலை குறைந்தது. ஏழடி கார்பன் பிளாங்க், அதாவது கோலின் வெறும் தண்டு. தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களான கைடுகளை நூல் சுற்றிக் கட்டி, எப்பாக்சியும் பூசி முடித்தாயிற்று. கார்க் பிடியையும் ரீல் சீட்டையும் மட்டும் இன்னும் ஒட்டாமல் டேப் சுற்றி நிறுத்தியிருக்கிறீர்கள். ரீலை மாட்டிக் கையில் எடுத்தால் நுனி கீழேயே இழுக்கிறது, அரை மணி நேரம் விராலுக்கு வீசினால் மணிக்கட்டு கடுக்கிறது என்கிறீர்கள். பின்பக்கம் எத்தனை கிராம் ஈயம் வைத்தால் சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணக்குப்படி 160 கிராம். ஆனால் வைக்காதீர்கள். சொந்தமாகக் கோல் கட்டுகிற பிள்ளைகள் பலரும் இந்த இடத்துக்கு வந்ததும் ஈயத்தைத்தான் தேடுகிறார்கள். அதனால்தான் உங்களுக்குத் தனியாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த 160 எப்படி வந்தது என்று பார்ப்போம். ரீலின் கால் பிடியில் உட்காருகிற இடத்தைத் தாங்குபுள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விரல்கள் அந்தக் காலைச் சுற்றித்தான் பிடிக்கின்றன. ரீல் நேராக அந்தப் புள்ளிக்குக் கீழே தொங்குவதால், 250 கிராம் இருந்தாலும் அது முன்னாலும் இழுக்காது, பின்னாலும் இழுக்காது. கனமான ரீல் போட்டால் நுனி தூக்கிக்கொள்ளும் என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். கனமான ரீலால் கையில் பாரம் ஏறும், நுனி பெரிதாக எழும்பாது.

மிச்சம் கோல்தான். 120 கிராம். அதை ஒரு நூல் வளையத்தில் தொங்கவிட்டு நீங்கள் கண்டுபிடித்த எடைமையம் ரீல் காலிலிருந்து 40 செ.மீ. முன்னால் இருக்கிறது. 120-ஐ 40-ஆல் பெருக்கினால் 4,800. தாங்குபுள்ளிக்குப் பின்னால் கோல் இருப்பது 30 செ.மீ.தான். 4,800-ஐ 30-ஆல் வகுத்தால் 160. கோலின் எடையைவிட ஈயத்தின் எடை அதிகம்! ரீலோடு சேர்த்து இப்போது 370 கிராம் இருப்பது 530 ஆகிவிடும். நாள் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரையில் நடக்கப்போவது நீங்கள்.

ஏற்றம் இறைத்த காலத்தில் துலாவின் பின்பக்கம் பெரிய கல்லைக் கட்டியிருப்பார்கள். சால் கனத்தை அந்தக் கல் ஈடுகட்டும். ஆனால் துலா, சால், கல் எல்லாவற்றையும் சேர்த்துச் சுமந்தது தரையில் நட்ட ஏற்றக்கால், இறைக்கிற மனிதன் சுமக்கவில்லை. உங்கள் கோலுக்கோ ஏற்றக்காலும் உங்கள் மணிக்கட்டுதான், இறைக்கிறவரும் நீங்கள்தான். பின்னால் கட்டுகிற ஒவ்வொரு கிராமும் உங்கள் மேல்தான் இறங்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கோல் அசையாமல் நிற்கும்போது சமமாக இருப்பது வேறு, வீசும்போது இலகுவாக இருப்பது வேறு. நிற்கும்போது தூரத்தைக் கனத்தால் பெருக்கினால் போதும். வீசும்போது தூரத்தை இரண்டு முறை பெருக்க வேண்டும். நுனிப்பக்கம் 150 செ.மீ. தூரத்தில் 5 கிராம் அதிகமாக இருக்கிறது என்று வைப்போம். அது கீழே இழுக்கிற இழுப்பு 750. அதை அடக்கப் பின்முனையில் 25 கிராம் ஈயம் வேண்டும். வைத்துவிட்டால் நிற்கும்போது கணக்கு நேராகிவிடும். வீசும்போது அந்த 5 கிராம் காட்டுகிற எதிர்ப்பு 5 × 150 × 150, அதாவது 1,12,500. ஈயம் அதை ஒரு துளிகூடக் குறைப்பதில்லை. தன் பங்குக்கு 25 × 30 × 30, அதாவது 22,500-ஐ மேலே சேர்த்துவிடுகிறது. கையில் வைத்துப் பார்த்தால் சுகமாக இருக்கிற கோல், வீசினால் முன்பைவிட மந்தமாக இருப்பதன் காரணம் இதுதான். வீசி முடித்த பிறகும் நுனி நெடுநேரம் ஆடும். அந்த ஆட்டத்தில் நரம்பு கைடுகளில் உரசி, லூர் என்கிற செயற்கை இரை போக வேண்டிய தூரம் போகாது.

அந்த 5 கிராமை நுனியிலிருந்து எடுத்துவிட்டால் இழுப்பும் குறைகிறது, எதிர்ப்பும் குறைகிறது, மொத்தப் பாரமும் குறைகிறது. சமன் செய்கிற வேலையை நுனியிலிருந்து தொடங்குங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

எங்கே எடுப்பது? உங்கள் படத்திலேயே தெரிகிறது. நுனிப் பாதியில் இருக்கிற நான்கு கைடுகளும் இரட்டைக் கால் வைத்தவை, வளையமும் தேவைக்கு மேல் பெரிசு. இரண்டு கால் என்றால் இரண்டு இடத்தில் நூல் சுற்று, இரண்டு இடத்தில் எப்பாக்சி. அந்த எப்பாக்சியும் தடிமனாக, நடுவில் உப்பி நிற்கிறது. பலமாக இருக்கட்டும் என்று இரண்டு மூன்று பூச்சு கொடுத்திருப்பீர்கள். கைடை இறுக்கிப் பிடித்திருப்பது நூல். எப்பாக்சி அந்த நூல் அவிழாமல், நனையாமல் காப்பதற்கு மட்டும்தான். நூலின் வரி வரியான மேடு பள்ளம் மறைகிற அளவுக்கு ஒரு மெல்லிய பூச்சு நுனிக் கைடுகளுக்குப் போதும்.

பிரித்துக் கட்ட மனசு வராது, எனக்குத் தெரியும். ஆனாலும் பிரியுங்கள். புது பிளேடு ஒன்றை எடுத்து, கைடின் உலோகக் கால் இருக்கிற மேல்பக்கத்தில் மட்டும், கால் நெடுக எப்பாக்சியைச் சீவுங்கள். பிளேடு உலோகத்தின் மேல் ஓட வேண்டும், பிளாங்க் மேல் ஒருபோதும் படக் கூடாது. கார்பனில் விழுகிற மெல்லிய கீறல் இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. பிறகொரு நாள் மீன் இழுக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும். நூல் தெரிந்ததும் ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினால் எப்பாக்சி இளகும். நூலின் முனையைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி உருவிவிடலாம். லைட்டர், மெழுகுவர்த்தி எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், பிளாங்க்கில் இருக்கிற பிசின் கெட்டுப்போகும். மிச்சம் ஒட்டியிருப்பதை நகத்தால் சுரண்டி எடுங்கள்.

அந்த இடங்களில் ஒற்றைக் கால் கைடுகளைக் கட்டுங்கள். வளையம் எவ்வளவு சிறிசாக இருக்கலாம் என்பதை உங்கள் முடிச்சு சொல்லும். பிரெய்டு நரம்பையும் அதன் முனையில் கட்டுகிற லீடரையும் சேர்த்துப் போட்ட முடிச்சு தடையில்லாமல் புகுந்து வெளியே வர வேண்டும், அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டியதில்லை. எடையைக் குறைக்கிற ஆசையில் கைடுகளின் எண்ணிக்கையை மட்டும் குறைத்துவிடாதீர்கள். நரம்பைக் கோர்த்து, முனையை எங்கேயாவது கட்டி, கோலை நன்றாக வளைத்துப் பாருங்கள். நரம்பு பிளாங்க்கை வெட்டிக்கொண்டு குறுக்கே போனால் அந்த இடத்தில் ஒரு கைடு குறைகிறது என்று அர்த்தம்.

நுனி இலகுவாக வேண்டும் என்பது கோல் கட்டுகிறவர்களின் பழைய ஏக்கம். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்திய நதிகளில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். பிறகு 1887-இல் நம் ஏரி, குளங்களுக்கென்றே ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்று தனியாக ஒன்று எழுதினார். அந்தக் காலத்துச் சீமைக் கோல்களில் பல, கிரீன்ஹார்ட் என்ற கனத்த மரத்தில் செய்தவை. பெரிய கோல்களை இரண்டு கையாலும் பிடித்தால்தான் ஆளலாம். மூங்கிலைச் சிம்பு சிம்பாகப் பிளந்து, ஆறு சிம்பை ஒட்டிச் செய்த கோல் வந்தபோது கொஞ்சம் பாரம் இறங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கண்ணாடி இழைக் கோல் வந்தது. 1973-இல் அமெரிக்காவில் ஃபென்விக் நிறுவனம் கார்பன் கோலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நூறாண்டுக்கு மேலாக இத்தனை பேர் பாடுபட்டு நுனியிலிருந்து இறக்கிய பாரத்தை, பெரிய கைடும் தடித்த எப்பாக்சியும் போட்டு நாமே திரும்ப ஏற்றலாமா?

நம் ஊர் மூங்கில் கோலையும் இங்கே நினைக்க வேண்டும். ரீல் கிடையாது, நரம்பை நுனியில் கட்டி, தக்கையும் ஈயக்குண்டும் முள்ளும் கோர்த்தால் வேலை முடிந்தது. அடி பருத்து நுனி சிறுத்திருப்பது மூங்கிலுக்கு இயல்பு, அதனால் நல்ல கோலைத் தேர்ந்தெடுத்தாலே பாதிச் சமநிலை வந்துவிடும். மீதியைப் பிடிக்கிறவர் தன் கையால் செய்கிறார். கவனித்துப் பாருங்கள்: முன்கை கோலைத் தாங்கும், பின்கை அடியைக் கீழே அமுக்கும். இல்லையென்றால் அடியைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வார்கள், அல்லது அக்குளில் இடுக்கிக்கொள்வார்கள். ஈயம் செய்ய வேண்டிய வேலையைப் பின்கை செய்கிறது, கோலுக்குக் கூடுதல் பாரம் எதுவும் இல்லை. கெண்டைக்கோ ஜிலேபி மீனுக்கோ கவைக்குச்சியில் கோலைச் சாய்த்துவிட்டு உட்காருகிறவருக்கு இந்தக் கணக்கு எதுவுமே தேவையில்லை, பாரத்தைக் கவை சுமக்கும். நீங்கள் தவளை லூர் போட்டு, நடந்துகொண்டே, ஒற்றைக் கையால் நுனியை வெட்டி வெட்டி இழுக்கிறவர். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

நுனி வேலை முடிந்ததும் ரீல் சீட்டுக்கு வாருங்கள். நல்ல வேளையாக அதை இன்னும் ஒட்டவில்லை. டேப்பைப் பிரித்து 5 செ.மீ. முன்னால் தள்ளிக் கட்டிப் பாருங்கள். சீட்டும் முன்பிடியும் சேர்ந்து சுமார் 30 கிராம் இருக்கும், அவை உங்கள் கையோடு கூடவே நகர்ந்துவிடும். நுனியில் எடுத்தது போகக் கோலின் மிச்ச 85 கிராமும் கைக்கு 5 செ.மீ. நெருங்கி வருவதால் 425 குறைகிறது. நுனியில் எடுத்த 750-ஐயும் சேர்த்தால் 4,800 இருந்தது 3,625 ஆகிறது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற நீளமும் 35 செ.மீ. ஆகிறது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. அது உங்கள் முழங்கை. பின்முனை முழங்கையைத் தாண்டினால், நுனியை வெட்டி இழுக்கும்போதெல்லாம் முன்கையில் இடிக்கும், சட்டையில் மாட்டும். இடித்தால் 5 செ.மீ.யை 3 ஆக்குங்கள். கடையில் விற்கிற கோலை யாரோ ஒரு சராசரி ஆளின் கைக்கு அளந்து செய்கிறார்கள். நீங்கள் சொந்தமாகக் கட்டுவதே உங்கள் கைக்கு அளந்து கட்டிக்கொள்ளத்தானே. இந்த ஓர் இடத்தில் அவசரப்பட்டு ஒட்டிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். ஒரு வாரம் டேப்போடேயே மீன் பிடியுங்கள், நன்றாக இறுக்கிச் சுற்றினால் தாங்கும்.

அடுத்தது செலவே இல்லாத வழி. ரீல் காலுக்கு முன்னால் இப்போது எத்தனை விரல் வைக்கிறீர்கள்? ஒரு விரல் என்றால் இரண்டு வைத்துப் பாருங்கள். கை 2 செ.மீ. முன்னால் போகும். நுனியில் எடுத்தது போகக் கோலும் ரீலும் சேர்ந்து 365 கிராம், அதை 2-ஆல் பெருக்கினால் 730. ரீலும் இப்போது கைக்குப் பின்னால் வந்துவிடுவதால் அதன் கனமும் உங்கள் பக்கம் சேர்ந்துகொள்கிறது. 3,625 இப்போது 2,895. முதலில் ரீலோடு சேர்ந்த எடைமையம் கைக்கு 13 செ.மீ. முன்னால் இருந்தது. இப்போது 8 செ.மீ.க்குள் வந்துவிட்டது. ஒரு கிராம்கூடக் கூட்டவில்லை, 5 கிராம் குறைத்துதான் இருக்கிறோம்.

இனி எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பது. மேசையில் வைத்துப் பார்க்கிற சமநிலையை நம்பாதீர்கள். கோலைக் கிடையாக நீட்டிப் பிடித்தால்தான் இந்த இழுப்பு முழுசாகக் கையில் தெரியும். நுனியைக் கீழ்நோக்கி 45 பாகை சாய்த்தால் அதில் ஏறக்குறைய 70 விழுக்காடுதான் மிஞ்சும். உங்கள் ஊரில் அப்படிப் பிடிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. ஊருக்கு மேலே ராமக்கல்மெட்டில் காற்றாலைகள் சுற்றுகின்றன. மேற்கேயிருந்து மலை இறங்கி வருகிற ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றில் நுனியை உயர்த்திப் பிடித்தால் காற்று நரம்பை வில்லாக வளைத்து, லூரைப் பக்கவாட்டில் இழுத்துப் போகும். நுனி தண்ணீரை ஒட்டி இருந்தால் நரம்பும் காற்றுக்குத் தப்பும், மணிக்கட்டும் தப்பும். ஆகவே உங்கள் கோலை நுனி தாழ்ந்த நிலையில், நரம்பு கோர்த்து, லூர் தண்ணீரில் கிடக்கும்போது சோதித்துப் பாருங்கள்.

மீன் மாட்டிய பிறகு கோல் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். அப்போது சமநிலைக்கு வேலையே இல்லை. நுனியில் ஒரு கிலோ இழுப்பு வந்துவிட்டால் 20, 30 கிராம் எல்லாம் எந்த மூலைக்கு? மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் 1946-இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு மஹ்சீர் பிடித்தார், ஏறக்குறைய 54 கிலோ. அப்படிப்பட்ட மீனோடு மல்லுக்கு நிற்கும்போது கோலின் வளைவும், ரீலின் பிரேக்கும், ஆளின் இடுப்பும்தான் பேசும். சமநிலை என்பது மீன் கடிக்காத அந்த நெடுநேரத்துக்கானது. கை களைக்காமல் இருந்தால்தான் கடிக்கிற நொடியில் விரலுக்கு அது தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் நுனி பாரமாகத் தோன்றினால், அப்போது ஈயத்தைப் பற்றி யோசிக்கலாம். பின்முனையில் சின்ன பிளாஸ்டிக் பை ஒன்றைக் கட்டி, காசுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். போதும் என்று கை சொல்கிற இடத்தில் நிறுத்தி, பையை அப்படியே தராசில் வையுங்கள். உங்கள் பக்கம் ஏலக்காய் வாங்குகிற கடைகளில் கிராம் சுத்தமாகக் காட்டுகிற தராசு இருக்கும், கேட்டால் நிறுத்துத் தருவார்கள். முழுச் சமநிலையைத் தேடிப் போகாதீர்கள். 30 கிராம் வைத்தாலே எடைமையம் கையிலிருந்து நாலரை செ.மீ. தூரத்துக்கு வந்துவிடும், விராலுக்கு வீசுகிறவருக்கு அது தாராளம். நுனி கொஞ்சம் கீழே சாய்ந்தே இருப்பது நல்லதும்கூட, நரம்பு தளராமல் இருக்கும். எடையைப் பிளாங்க்குக்குள் ஊற்றி உறைய வைக்காதீர்கள். பின்மூடியைத் திருகிக் கழற்றுகிற மாதிரி வைத்து, உள்ளே எடையைப் பஞ்சு சுற்றி ஆடாமல் செருகுங்கள். நாளைக்கு வேறு ரீல் மாட்டினால் மாற்றிக்கொள்ளலாம். ஈயத்தை வெறுங்கையால் தொட்டால் கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

கோலைப் பற்றிக் கேட்டவருக்கு மீனைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கண்மாய் என்றால் குத்தகைக்கு எடுத்தவரிடமும், சண்முகாநதி அணை போன்ற இடம் என்றால் மீன்வளத் துறையிடமும் கேட்டுவிட்டு இறங்குங்கள். மேகமலைக் காடு 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது, அந்தப் பக்கம் தூண்டிலோடு போகவே வேண்டாம். தண்ணீரின் மேல்மட்டத்தில் செந்நிறமாகக் குஞ்சுகள் கூட்டமாகப் பொங்கிக்கொண்டிருந்தால் அடியில் பெரிய விரால் காவல் நிற்கிறது. அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். அங்கே வீசாதீர்கள். காவல் போய்விட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

நுனிக் கைடுகளைப் பிரித்துக் கட்டிய பிறகு கோலின் எடையையும், எடைமையம் ரீல் காலிலிருந்து எத்தனை செ.மீ. முன்னால் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். உங்கள் முன்கையின் நீளத்தையும் சேர்த்து அனுப்புங்கள். சீட்டை எங்கே ஒட்டலாம் என்று அப்போது சேர்ந்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்